மலையில் தினமும் நடக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்: நீலகிரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

வேலை மாற்றலாகியோ, படிக்கவோ, ஓய்வுக்காலத்தைக் கழிக்கவோ ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் குடியேறி, வீட்டைச் சுற்றித் தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் நடக்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. பெரிய மலையேற்றத்துக்குப் போகிறவர் ஒரு வாரம் தயாராகிறார். பால் வாங்கப் போகிற வழியில் அப்படியே மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர் செருப்போடு போய்விடுகிறார். மலையில் ஆபத்து பெரும்பாலும் வருவது இந்த இரண்டாவது நடையில்தான்.

சமவெளியில் ஐந்து கிலோமீட்டர் சாதாரணமாக நடப்பேன். இங்கே சின்ன ஏற்றத்துக்கே மூச்சு வாங்குகிறதே?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. முதல் சில நாட்கள் தலை லேசாக வலிப்பதும், இரவில் தூக்கம் கலைவதும் பலருக்கு உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு பழகிவிடும்.

அதுவரை ஒரே கணக்கு: ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம். நின்று நின்று ஓடுவதைவிட, அடியைப் பாதியாகச் சுருக்கி நிற்காமல் போவது நல்லது. தேயிலை பறிக்கப் போகிற அக்காமார் ஏறுவதைக் கவனியுங்கள். பாதம் முழுதும் தரையில் படும், முழங்கால் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் நிமிரும், பேச்சு நிற்காது. புதியவர் ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் உயரம் ஏறினால் போதும்.

இறக்கத்தில் மூச்சு வாங்காது, முழங்கால்தான் அடி வாங்கும். முழங்காலை லேசாக மடக்கியே வைத்து, செங்குத்தான இடங்களில் பாதையின் குறுக்காக வளைந்து இறங்குங்கள். நெஞ்சு அழுத்தம், இடது கையில் வலி, நின்ற பிறகும் அடங்காத மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது வந்தால், பழகிவிடும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இதய நோயாளிகளும் ரத்தசோகை உள்ளவர்களும் நடையைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது நல்லது?

ஏழரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் திரும்புவது பாதுகாப்பான நேரம். ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஆறேமுக்காலை ஒட்டி ஆகிவிடும். விடியற்காலையும் அந்தி நேரமும் விலங்குகள் நடமாடும் நேரம். மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மேகம் மேலேறி வந்து மூடுவது இங்கே வழக்கம்.

மாலையில் போயே ஆக வேண்டும் என்றால், பஞ்சாங்கத்தில் இருக்கும் அஸ்தமன நேரத்தை நம்பாதீர்கள். உங்களுக்கு மேற்கே ஒரு மேடு இருந்தால், அந்தப் பள்ளத்தில் ஒரு மணி நேரம் முன்பே வெயில் போய்விடும். போகும் வழி இறக்கம் என்றால் திரும்பும் வழி ஏற்றம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அரை மணி நேரம் இறங்கினால், ஏற முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

என்ன உடுத்துவது, கையில் என்ன எடுத்துக்கொள்வது?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். 326 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் வேர்த்து வழிந்துகொண்டிருக்கும்போது, ஊட்டியில் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருப்பது இந்தக் கணக்குப்படிதான். ஒரே தடிமனான ஜெர்கினைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் பத்து நிமிட ஏற்றத்தில் உள்ளே நனைந்துவிடும். மேட்டில் காற்றடிக்கும்போது அந்த ஈரமே நடுங்க வைக்கும். பருத்தி பனியன் வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய நேரமாகும். உள்ளே விளையாட்டு வீரர்கள் போடும் பாலியெஸ்டர் டீ-ஷர்ட், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், காற்றும் தூறலும் புகாத மெல்லிய ஜெர்கின் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏறத் தொடங்குமுன் ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வது, நின்றதும் போட்டுக்கொள்வது. அவ்வளவுதான். குல்லாவும் மப்ளரும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

பையில்: ஒரு லிட்டர் தண்ணீர், டார்ச், விசில், கொஞ்சம் கடலை மிட்டாய், ஒரு மாற்றுக் காலுறை, ஒரு பெரிய பிளாஸ்டர், இடுப்புயரக் கம்பு. செல்போன் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. அதனால் எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சொல்லிவிட்டே போங்கள்.

மழைக்காலம் எப்போது? ஆளுக்கு ஒரு மாதம் சொல்கிறார்களே.

எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், அவரவர் சரிவைச் சொல்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பக்கத்தை அடித்து நொறுக்கும். அப்போது கோத்தகிரியில் சாரலும் வெயிலும் மாறி மாறி இருக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அது குன்னூர், கோத்தகிரி என்று கிழக்குப் பக்கத்துக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஓராண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல் அது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டி பகுதிகளில் அடுத்தடுத்து ஏற்பட்ட மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு நடைக்குப் போனால் மண்ணைப் பாருங்கள். எப்போதும் தெளிவாக வரும் ஊற்று திடீரெனச் செம்மண் கலந்து வருவது, ஓடிக்கொண்டிருந்த ஓடை மழை நிற்காமலே வற்றுவது, தடுப்புச்சுவர் வயிறு தள்ளி நிற்பது, மின்கம்பமோ மரமோ நேற்றைவிடச் சாய்ந்திருப்பது, பாதையில் பிறை வடிவில் புது வெடிப்பு ஆகியவை சரியப்போகும் மண்ணின் அடையாளங்கள். ஓடை வற்றினால் மேலே எங்கோ மண் விழுந்து தண்ணீரை அடைத்திருக்கிறது என்று பொருள். அது உடைத்துக்கொண்டு வரும்போது ஓடையில் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் விலகி, திரும்பி, கீழே வீடுகள் இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள்.

குடை ஊருக்குள் சரி, மேட்டில் காற்று திருப்பிவிடும். தோட்டத் தொழிலாளர்கள் இடுப்பில் சுற்றும் படங்கும் (நீர் புகாத விரிப்பு) காலில் போடும் கம்பூட்டும் (ரப்பர் பூட்ஸ்) ஏன் மாறாமல் இருக்கின்றன என்பது ஒருநாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தால் புரியும். மழை நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகும் இடுப்புக்குக் கீழே செடிகளே நனைத்துவிடும்.

அட்டைக்கு என்ன செய்வது?

மழை நாளில் சோலையின், அதாவது மலை மடிப்பில் அடர்ந்திருக்கும் காட்டின், ஓரத்தில் ஒரு நிமிடம் நின்று கீழே பாருங்கள். சருகின் நுனியில் தீக்குச்சி அளவில் ஒன்று எழுந்து நின்று தலையை வட்டமாகச் சுற்றும். உங்கள் காலடி அதிர்வும், உடல் சூடும், மூச்சும் அதற்குத் தெரியும். அதனால் நிற்காமல் நடப்பவரைவிட, நின்று போட்டோ எடுப்பவருக்கே அட்டை அதிகம்.

பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். நெருக்கமாக நெய்த நீளக் காலுறை வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பெரிய கைப்பிடி கல்லுப்பைக் கரைத்து, காலுறையை ஊறவைத்துக் காயப்போட்டுப் போட்டுக்கொண்டால் தூறலுக்குத் தாங்கும், கனமழையில் கரைந்துவிடும். அதற்குத்தான் உப்பு முடிச்சு: கல்லுப்பை மெல்லிய துணியில் முடிந்து கம்பின் நுனியில் கட்டிக்கொண்டு, ஷூவில் ஏறுகிற அட்டையைத் தொட்டால் விழுந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, திறந்த இடத்தில் நின்று காலைப் பாருங்கள்.

கடித்துவிட்டால் உப்போ நெருப்போ வைக்காதீர்கள், பிடித்து இழுக்கவும் வேண்டாம். உப்பு பட்டால் அது உள்ளே இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கும். மெல்லிய முனைதான் வாய். அதன் அடியில் நகத்தைத் தோலோடு ஒட்டிச் செலுத்தித் தள்ளுங்கள். பிறகு தடித்த முனையையும் அப்படியே தள்ளிச் சுண்டிவிடுங்கள். ரத்தம் நிற்காமல் கசியும். உறையவிடாத ஒரு பொருளை அட்டை செலுத்துவதால்தான் அப்படி, பயப்பட ஒன்றுமில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துணி வைத்துப் பதினைந்து நிமிடம் அழுத்துங்கள். அரிப்பு சில நாள் இருக்கும், சொறிந்தால் புண்ணாகும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மழைக்காலத்தில் சோலை ஓரத்துக்குப் போகாமல் இருப்பதே சரி.

தொட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடி பட்டுவிட்டது. தேய்க்கலாமா?

தேய்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத முட்கள் உள்ளே உடையும். செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுத்து, பிறகு குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

பாதையில் காட்டெருமை நிற்கிறது. என்ன செய்ய வேண்டும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், கேட்கப்பட வேண்டியதும் இதுதான். கோத்தகிரியிலும் குன்னூரிலும் காட்டெருமை தேயிலைத் தோட்டத்துக்குள்ளும், குடியிருப்புத் தெருவிலும், பள்ளிக்கூட வாசலிலும் மேய்கிறது. தினமும் பார்ப்பதால் வீட்டு மாடு மாதிரி ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ந்த காளை ஆள் உயரம் இருக்கும், எடை ஏறத்தாழ ஒரு டன் வரை போகும். மேயும்போது சாதுதான். வழி அடைபட்டதாக அது நினைக்கும் கணத்தில்தான் ஆள் சாகிறார்.

முதலில், அது உங்களைக் கவனிக்குமுன், அது அங்கே இருப்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பனிமூட்டத்தில் கண் உதவாது, மூக்கு உதவும். மாட்டுத் தொழுவ வாடை காற்றில் வந்தால் நில்லுங்கள். தேயிலைக் குச்சிகள் நெரியும் சத்தம் இன்னொரு அடையாளம். காலையில் சாணத்திலிருந்து ஆவி எழுந்தால் கூட்டம் இப்போதுதான் கடந்திருக்கிறது. ஈர மண்ணில் குளம்புத் தடத்தைக் குனிந்து பாருங்கள். தடத்தில் தேங்கிய நீர் கலங்கியிருந்தால் சில நிமிடம் முன்பு, வண்டல் படிந்து தெளிந்திருந்தால் நெடுநேரம் முன்பு போனது.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் குறைந்தது முப்பது மீட்டர், அதாவது இரண்டு பேருந்து நீளத்துக்கு மேல், தள்ளி நிற்க வேண்டும். தலையைத் தூக்கி உங்களையே பார்த்து மோப்பம் பிடித்தால் அது யோசிக்கிறது. மெல்லப் பின்வாங்க இதுவே நேரம். பக்கவாட்டில் திரும்பி முதுகை வளைத்துத் தன் உடம்பைக் காட்டினால் எச்சரிக்கிறது. புஸ்ஸென்று சீறி, தலையைத் தாழ்த்தி, குளம்பால் தரையைத் தட்டினால் கடைசி எச்சரிக்கை.

பின்வாங்கும்போது முதுகைக் காட்டி ஓடாமல், குறுக்காக விலகி, உங்களுக்கும் அதற்கும் நடுவே மரமோ சுவரோ வண்டியோ வரும்படி நகருங்கள். அது போக ஒரு வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் தடுப்புச்சுவர், மறுபக்கம் தேயிலை வேலி என்று இருக்கும் குறுகிய சந்தில் நீங்கள் நின்றால், அதன் ஒரே வழி உங்கள் மேல்தான். பாய்ந்தே விட்டால் மட்டும் ஓடுங்கள், திறந்த சாலையில் நேராக ஓடாமல் மரத்துக்கோ சுவருக்கோ பின்னால் போங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் புகவே கூடாது. தனியாக நிற்கும் முதிய காளையிடம் இன்னும் அதிகத் தூரம் விடுங்கள்.

நாயைக் கூட்டிப்போனால் சங்கிலி கட்டாயம். அவிழ்த்துவிட்ட நாய் காட்டெருமையைக் குரைத்து எழுப்பிவிட்டு, உங்களிடமே ஓடி வரும், பின்னாலேயே அதுவும் வரும். இருசக்கர வண்டியில் போனால் ஐம்பது மீட்டர் முன்பே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். பத்து நிமிடத்தில் கடந்துவிடும். ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பதற்காக நெருங்குகிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

கரடி, சிறுத்தை, யானை?

கரடி புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது வேறெதையும் கவனிக்காது. திடீரென நீங்கள் பக்கத்தில் முளைத்தால் பயந்து முகத்தில் பாயும். எனவே வளைவுகளில் பேசிக்கொண்டோ, கம்பால் கல்லைத் தட்டிக்கொண்டோ போங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பது மலையில் கூடாது. கோத்தகிரி பக்கம் எண்ணெய்க்காகவும் பழத்துக்காகவும் கரடி கடைக்கதவையே உடைக்கும். வீட்டுக்கு வெளியே உணவுக் கழிவு வைக்காதீர்கள். சிறுத்தை பெரும்பாலும் நாயைத் தேடி வருவது. பொழுது சாய்ந்தால் குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.

யானை மேல்மட்ட ஊர்களில் குறைவு. கல்லாறு–பர்லியாறு சரிவு, குஞ்சப்பனை, மசினகுடி பக்கங்களில் உண்டு, பலாப்பழக் காலத்தில் கூடுதல். அங்கெல்லாம் உலாவப் போகவே வேண்டாம்.

உறைபனி எப்போது விழும்? எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மாலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, காற்று முற்றிலும் அடங்கி, நட்சத்திரங்கள் நெருக்கமாகத் தெரிந்தால் மறுநாள் காலை எதிர்பார்க்கலாம். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி பூமியின் சூட்டைப் பிடித்து வைக்கும், பனி உறையாது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர் உயரத்தில் இருந்தும், உறைபனி வெளுப்பது தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான சமதரைகளில். வெப்பமானி மூன்று டிகிரி காட்டும்போதும் புல்லில் பனி உறைந்திருக்கும். கருவி இருப்பது ஆள் நெஞ்சுயரத்தில், புல் அதைவிடக் குளிர்ந்த தரையில்.

வெறும் ஈரமண் உள்ள பாதையோரத்தில் குனிந்து பாருங்கள். மண்ணுக்கு அடியிலிருந்து ஊசி ஊசியாகப் பனிக்கட்டி வளர்ந்து, மேல் மண்ணைத் தொப்பிபோல் தூக்கி வைத்திருக்கும். மிதித்தால் நொறுங்கும் சத்தம் கேட்கும். வெயில் ஏறியதும் அதே மண் சேறாகி வழுக்கும். சறுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் விழுவது பனியில் இல்லை, பனி உருகிய ஒன்பது மணிக்கு. நிழலான வளைவில் இருசக்கர வண்டியின் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதீர்கள்.

நனைந்து நடுங்கி வந்தோம். அறைக்குள் கரி மூட்டிக் குளிர் காயலாமா?

கூடவே கூடாது. கதவைச் சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, புகையும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிர்காலத்தில் மலை ஊர்களில் இப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன. ஈர உடையை உடனே மாற்றி, தலையைத் துவட்டி, கம்பளி போர்த்தி, சூடாக ஏதாவது குடியுங்கள். கால் விரல்களை வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம், கொதிநீரில் வேண்டாம்.

இங்கே பருப்பு ஏன் வேகவே மாட்டேன் என்கிறது?

300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. குக்கரில் வேகவையுங்கள், சமவெளியைவிட ஒரு விசில் கூடுதலாக.

பனிமூட்டத்தில் வழி தவறிவிட்டால்?

நில்லுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது என்று யோசித்து, அதுவரை வந்த தடத்திலேயே திரும்புங்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வரும் என்ற யோசனை இங்கே ஆளைக் கொல்லும். நீலகிரி ஓடைகள் திடீரென அருவியாக விழுபவை. தேயிலைத் தோட்டமாக இருந்தால் செடி வரிசைகளுக்குள் புகாமல், லாரி போகும் அகலமான தோட்டச் சாலையைத் தேடுங்கள். அது ஏதாவதொரு லயத்துக்கோ (தொழிலாளர் வரிசை வீடுகள்) தொழிற்சாலைக்கோ போய்ச் சேரும். வழியே தெரியாவிட்டால் காற்று படாத இடத்தில் உட்கார்ந்து, மூன்று முறை விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி மூன்று என்று ஊதுங்கள்.

சோலைக்காட்டுக்குள் போகலாமா?

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024 முதல் தமிழக அரசே 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடும் வழிகாட்டியோடும் நடத்துகிறது. தீப்பருவத்தில் அவை மூடப்படும். புல்வெளியில் பீடித் துண்டு ஒன்று போதும்.

அனுமதி கிடைத்துப் போனாலும் பாதையை விட்டு விலகாதீர்கள். சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. நிழலில் முளைத்த கன்று மிதிபட்டால் அந்த இடத்தை உண்ணிச்செடியோ சீகை மரமோ பிடித்துக்கொள்ளும், பிறகு சோலை அங்கே திரும்புவது கடினம். பொட்டலம், பாட்டில் எதையும் போடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. உப்பு ஒட்டிய சிப்ஸ் உறையைக் கடமான் அப்படியே விழுங்கும், அது வயிற்றிலிருந்து வெளியே வராது.

ஒரே பாதையில் தினமும் நடந்தால் சலிக்காதா?

வாரத்துக்கு ஒரு புது இடம் பார்ப்பவருக்கு மலை படமாகத் தெரியும். ஒரே பாதையில் ஓராண்டு நடந்தவருக்கு அதன் நேரம் தெரிய ஆரம்பிக்கும். விடியுமுன் ஓடைப் பக்கம் யாரோ சோம்பலாகச் சீட்டியடிப்பதுபோல் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. குளிர் முடியும் மாதங்களில் சோலை ஓரத்தில் சிவப்பாகப் பூத்து நிற்பது ரோடோடென்ட்ரான், காட்டுப்பூவரசு என்று சொல்வார்கள். செம்மீசைச் சின்னான்கள் எந்தப் புதரில் கூடுகின்றனவோ அதில் பழம் பழுத்திருக்கும். இவையெல்லாம் ஓர் ஆண்டில் தெரிந்துவிடும், குறிஞ்சி மட்டும் பன்னிரண்டு ஆண்டு கேட்கும். மூணாறு, கொடைக்கானல் சரிவுகளில் 2006-லும் 2018-லும் பூத்த கூட்டத்துக்கு அடுத்த முறை 2030.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, மேகம் மூடிய நேரம், எந்த வளைவில் காட்டெருமைத் தடம், முதல் அட்டை தென்பட்ட நாள், முதல் உறைபனி, ஊற்றுத் தண்ணீரின் நிறம். நாளுக்கு இரண்டு வரி போதும். அடுத்த ஆண்டு அதே வாரத்தில் எந்த வளைவில் நின்று மோப்பம் பிடிக்க வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும். பென்சிலால் எழுதுங்கள், இந்த ஈரத்தில் காகிதம் பதமாகிப் பேனா எழுதாது.